இழுத்து வரப்பட்ட துறைமுகம்

மேட்டிலிருந்து பார்க்கும்போது கப்பல்கள் என்றுதான் நினைத்தேன். கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, அரைவட்டமாக, கறுத்த பெரிய உருவங்கள் இடைவெளி விட்டு விட்டு நின்றன. எதுவும் அசையவில்லை. ஒரு பாய்மரப் படகு அவற்றுக்கு இடையே நுழைந்து வெளியே வந்தபோதுதான் அளவு பிடிபட்டது. படகு கொசு மாதிரி இருந்தது.

நார்மண்டியின் அரோமான்ஷ்-லே-பான் சுமார் 500 பேர் வாழும் கிராமம். பாரிஸின் லா ஷப்பல் பகுதியில் மளிகைக்கடை வைத்திருக்கும் நண்பர், யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர், தன் காரில் என்னை அழைத்து வந்திருந்தார். மூன்று மணி நேரத்துக்கும் அதிகமான ஓட்டம். பாயூ நகரைத் தாண்டியதும் நெடுஞ்சாலை மறைந்து, வேலி கட்டிய மேய்ச்சல் நிலங்களும் கல்வீடுகளும் வருகின்றன. கடைசி பத்துக் கிலோமீட்டரில் கடல் இருக்கும் அறிகுறியே தெரியாது. சட்டென்று சாலை சரிந்து, இரண்டு சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே ஊரும் கடலும் ஒன்றாக வந்து நிற்கும்.

கடலில் குளித்தால் உடம்புக்கு நல்லது என்று 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவர்கள் சொல்லத் தொடங்கியதும் நார்மண்டியின் மீன்பிடி ஊர்கள் பலவும் குளியல் ஊர்கள் ஆயின. பாரிஸிலிருந்து ரயில் 1855இல் கான் நகரத்துக்கும், 1858இல் ஷெர்பூர் வரைக்கும் வந்தது. அதற்குப் பிறகு பணக்காரர்கள் வந்தார்கள், மாடமும் மரவேலைப்பாடும் கொண்ட வில்லாக்களைக் கட்டினார்கள், ஓவியர்களும் வந்தார்கள். பக்கத்துத் துறைமுகமான போர்-ஆன்-பெஸானில் 1888இல் ஜார்ஜ் சூரா தங்கி வரைந்த புள்ளி ஓவியங்கள் இன்று உலக அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. அவற்றில் கடல் அவ்வளவு சாந்தமாக இருக்கும்; பார்த்தாலே தூக்கம் வரும்.

1936இல் பிரான்சில் எல்லாத் தொழிலாளர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் வந்தது. அதுவரை கடலையே பார்த்திராத ஆலைத் தொழிலாளிகள் சைக்கிளிலும் ரயிலிலும் இந்தக் கரைகளுக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த கோடைகள் நான்குதான். 1940 ஜூனில் ஜெர்மன் படை வந்துவிட்டது. குளிக்கும் மணலில் கண்ணிவெடி புதைத்தார்கள், நீருக்குள் இரும்புத் தடைகளும் மரக்கம்பங்களும் நட்டார்கள், மேட்டில் ரேடார் நிலையம் அமைத்தார்கள். அட்லாண்டிக் சுவர் என்று அவர்கள் பெயர் வைத்த அந்தக் காவல் வரிசையில் நார்மண்டிப் பகுதி இளைத்துப்போயிருந்தது. 1943 இறுதியில் பார்வையிட வந்த ஜெர்மன் தளபதி ரோம்மல் அதைக் கண்டு அவசர அவசரமாகத் தடைகளைப் பெருக்கினார்.

கடலில் நிற்கும் கான்கிரீட்டின் கதை இங்கே தொடங்கவில்லை, டியெப்பில் தொடங்குகிறது. 1942 ஆகஸ்ட் 19 அன்று நேச நாட்டுப் படை, பெரும்பாலும் கனடாக்காரர்கள், அந்தத் துறைமுக நகரத்தை நேராகத் தாக்கிப் பார்த்தது. ஒரே காலையில் படை சிதைந்தது. கனடாக்காரர்களில் மட்டும் 907 பேர் இறந்தார்கள். துறைமுகத்தைச் சண்டையிட்டுப் பிடிக்க முடியாது, பிடித்தாலும் எதிரி அதை உடைத்துவிட்டுத்தான் போவான் என்று அன்று தெரிந்தது. ஆனால் துறைமுகம் இல்லாமல் பெரும்படையை இறக்கவும் முடியாது. ஒரு டாங்கியை மணலில் இறக்கிவிடலாம். அதற்கு மறுநாள் பெட்ரோலும் குண்டும், அதை ஓட்டுபவனுக்கு ரொட்டியும் வேண்டுமே.

துறைமுகம் அங்கே இல்லையென்றால் கையோடு கொண்டுபோக வேண்டியதுதான் என்று கடற்படை அதிகாரி ஹியூஸ்-ஹாலட் சொன்னதாகச் சொல்கிறார்கள். அப்போது எத்தனை பேர் சிரித்தார்களோ! சர்ச்சில் சிரிக்கவில்லை. டியெப்புக்கும் முன்னதாக, 1942 மே 30 அன்றே, மவுண்ட்பேட்டனுக்கு அவர் ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார். கடற்கரையில் வைக்கும் இறங்குதுறைகள் ஓதத்தோடு ஏறி இறங்க வேண்டும். நங்கூரச் சிக்கலைத் தீர்க்க வேண்டும். என்னிடம் வாதாட வேண்டாம், சிரமங்கள் தாமாகவே வாதாடிக்கொள்ளும் என்பது அதன் சாரம். நம் ஊர் அலுவலகக் குறிப்புகளில் இப்படி ஒரு வரி பார்த்ததில்லை.

ஓதத்தைப் பற்றி அவர் ஏன் அப்படிக் கவலைப்பட்டார் என்பதை சென்னைக்காரன் நேரில் பார்த்தால்தான் புரிந்துகொள்வான். மெரினாவில் கடல் ஏறுவதும் இறங்குவதும் ஒரு மீட்டருக்குள் அடங்கும். இங்கே பெரிய ஓத நாட்களில் ஏழு மீட்டர். இரண்டு மாடி உயரத்துக்குத் தண்ணீர் வந்து போகிறது. நாங்கள் போனபோது வற்றிக்கொண்டிருந்தது. காப்பி குடித்து முடிப்பதற்குள், கடற்கரைச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீர் ஒரு கிரிக்கெட் மைதான அளவுக்கு மணலைக் காட்டிவிட்டு ஒதுங்கிப்போயிருந்தது. அந்த மணலில்தான் முதல் கான்கிரீட் துண்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே பொள்ளலாக, படகு வடிவத்தில், பாதி புதைந்து, பாசியும் சின்னச் சின்னச் சிப்பிகளும் அப்பிக்கிடந்தன. மிதவைப் பாலத்தைத் தாங்கிய தோணிகள் அவை. ‘பீட்டில்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு குழந்தை அதன் குழிக்குள் தேங்கிய தண்ணீரில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தது.

மொத்தத் திட்டத்துக்கு ‘மல்பெரி’ என்று சங்கேதப் பெயர். இரண்டு துறைமுகங்கள்: ஒன்று அமெரிக்கர்களுக்கு, ஒமாஹா கரையில், மற்றொன்று பிரிட்டிஷ்காரர்களுக்கு, இங்கே. ஒவ்வொன்றும் டோவர் துறைமுகத்தின் அளவு. 1943 ஆகஸ்டில் கியூபெக் மாநாட்டில் முடிவானது. பத்து மாதங்களுக்குள் எல்லாம் தயாராக வேண்டும். மிகப் பெரியவை ‘ஃபீனிக்ஸ்’ என்ற கான்கிரீட் பெட்டிகள். 60 மீட்டர் நீளம், 18 மீட்டர் உயரம், ஏறத்தாழ 6,000 டன். ஆறு மாடிக் கட்டடத்தைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளே வெற்றிடம் விட்டு மிதக்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் கப்பல்துறைகளிலும் தேம்ஸ் ஓரத்து வயல்களில் வெட்டிய குழிகளிலும் பல்லாயிரம் பேர் இவற்றைக் கட்டினார்கள். தாங்கள் கட்டுவது என்ன என்று அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. கட்டியவற்றை எதிரி விமானத்தின் கண்ணில் படாமல் இங்கிலாந்துக் கரையோர ஆழமில்லாத நீரில் மூழ்கடித்து வைத்து, பிறகு தண்ணீரை இறைத்து மிதக்கவைத்தார்கள். இழுவைப் படகுகள் அவற்றை ஆங்கிலக் கால்வாய்க்குக் குறுக்கே, வேகமாக நடக்கும் மனிதனின் வேகத்தில் இழுத்து வந்தன. உச்சியில் விமான எதிர்ப்புப் பீரங்கி, பக்கத்தில் அதை இயக்குபவர்களுக்குத் தங்கும் அறை. வந்து சேர்ந்ததும் வால்வைத் திறந்து அடியில் உட்காரவைத்தார்கள். அவ்வளவுதான், அலைத்தடுப்புச் சுவர் தயார்.

ஆனால் சுவர் மட்டும் துறைமுகம் ஆகாது. சரக்கு கப்பலிலிருந்து மணலுக்கு வர வேண்டும். அதற்கு ‘ஸ்பட்’ என்ற இறங்குமேடை. நான்கு எஃகுக் கால்கள் கடலடியில் ஊன்றியிருக்கும்; மேடை மட்டும் அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டு ஓதத்தோடு ஏறும், இறங்கும். யோசனை புதிதல்ல, ஸ்காட்லாந்தின் லாப்னிட்ஸ் நிறுவனம் கட்டிய ஒரு தூர்வாரும் கப்பலிலிருந்து எடுத்தது. மேடையிலிருந்து கரைக்கு மிதவைப் பாலம். அதை வடிவமைத்த ஆலன் பெக்கெட் 1914இல் பிறந்தவர், முப்பது வயதுகூட ஆகாத பொறியாளர். ஸ்காட்லாந்தின் கார்லீஸ்டன் கடற்கரையில் மூன்று விதமான பாலங்களை வைத்துச் சோதனை நடந்தது. தீர்ப்பைக் குழு சொல்லவில்லை, ஒரு புயல் சொன்னது. ஒன்றின் அடி அரித்துச் சரிந்தது. மற்றொன்று அடித்துச் செல்லப்பட்டது. பெக்கெட்டின் பாலம் மட்டும் அப்படியே இருந்தது. சர்ச்சில் கேட்ட நங்கூரச் சிக்கலுக்கும் அவரே விடை கண்டார்: இழுக்க இழுக்க இன்னும் ஆழமாகப் புதையும் நங்கூரம்.

1944 மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும் ‘டெய்லி டெலிகிராஃப்’ குறுக்கெழுத்துப் போட்டியில் யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்ட், மல்பெரி, நெப்டியூன் என்று அடுத்தடுத்து விடைகள் வந்தன. எல்லாமே இந்த நார்மண்டிப் படையெடுப்பின் ரகசியப் பெயர்கள். புதிர் தயாரித்தவர் லியோனார்ட் டாவ் என்ற பள்ளி ஆசிரியர். உளவுத்துறை வீட்டுக்கே வந்து விசாரித்துவிட்டு, உளவு ஏதும் இல்லை என்று திரும்பிப் போனது. இந்தக் கதையைச் சொன்னதும் நண்பர் நம்பவில்லை. நானும் முதலில் நம்பவில்லைதான்.

சென்னையில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. திறந்த மணற்கரையில் துறைமுகம் இல்லாமல் வாணிபம் செய்வது என்னவென்று மதராஸ் இருநூறு வருடங்களுக்கு மேல் அனுபவித்தது. கப்பல்கள் தூரத்தில் நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டி ஆளையும் மூட்டையையும் ஏற்றி இறக்கும். 1876இல் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டத் தொடங்கி, முடியும் தறுவாயில் 1881 நவம்பர் புயல் வந்து அவற்றைப் பிய்த்துப் போட்டது. கட்ட ஐந்து வருடம், கெட ஒரு இரவு. அரோமான்ஷ் பொறியாளர்களுக்கு ஐந்து வருடம் கிடையாது, பத்து மாதம்தான்.

1944 ஜூன் 6 அன்று அரோமான்ஷைக் கடல்வழியாக யாரும் தாக்கவில்லை. துறைமுகம் வர வேண்டிய இடம். உடைந்த படகுகளும் குழிகளும் அங்கே கிடக்கக் கூடாது என்பது கணக்கு. படை இறங்கியது கிழக்கே, அனெல், வேர்-சுர்-மேர் பக்கத்தில், கோல்டு கரையில். ஹாம்ப்ஷயர் படைப்பிரிவின் முதல் பட்டாலியன் அனெல் அருகிலிருந்த கான்கிரீட் அரணோடு மாலை வரை மல்லுக்கட்டிப் பலரை இழந்தது. பிறகு கரையோரமாக நடந்து, நிலத்தின் பக்கமாக அரோமான்ஷுக்குள் நுழைந்தது. இருட்டுவதற்குள் ஊர் விடுதலை. சேதம் இருந்தது, ஆனால் ஊர் ஊராகவே மிஞ்சியது. உள்நாட்டில் கான் நகரம் குண்டுவீச்சில் தரைமட்டமானதையும், நார்மண்டி முழுவதும் சுமார் 20,000 பொதுமக்கள் இறந்ததாகக் கணக்கிடப்படுவதையும் நினைத்தால், குளிக்க வருபவர்களுக்காகக் கட்டிய இந்த ஊரைக் காப்பாற்றியது இரக்கம் அல்ல, ஒரு பொறியியல் வரைபடம்.

மறுநாளே பழைய கப்பல்களைக் கொண்டுவந்து வரிசையாக மூழ்கடித்தார்கள், அதையடுத்து ஃபீனிக்ஸ்கள். ஜூன் மத்தியில் சரக்கு இறங்கத் தொடங்கியது. ஜூன் 19 அன்று வடகிழக்கிலிருந்து புயல். மூன்று நாள் ஓயவில்லை. ஒமாஹா துறைமுகம் மீட்க முடியாமல் உடைந்தது. அரோமான்ஷ் அடிபட்டும் நின்றது. கடலுக்குள் இருக்கும் கால்வடோஸ் பாறைத்திட்டு அலையின் வேகத்தைக் கொஞ்சம் தடுத்தது. பெக்கெட்டின் நங்கூரங்களும் கைகொடுத்தன. அமெரிக்கத் துறைமுகத்தின் மிச்சங்களைக் கொண்டுவந்து இதைச் செப்பனிட்டார்கள். வீரர்கள் வைத்த பெயர் ‘போர்ட் வின்ஸ்டன்’.

இதில் ஒரு சங்கடமான உண்மையும் இருக்கிறது. ஊரின் நினைவுப்பொருள் கடைகளில் அது விற்காது. துறைமுகத்தை இழந்த அமெரிக்கர்கள், கப்பல்களை வற்றும் நேரத்தில் நேராக மணலில் தரைதட்டவிட்டுச் சரக்கை இறக்கினார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இறக்கினார்கள். அப்படியானால் இவ்வளவு கான்கிரீட்டும் உழைப்பும் தேவைதானா என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். என் கணக்கு வேறு. இப்படி ஒரு துறைமுகம் கையில் இருக்கிறது என்ற தைரியம் இல்லாமல், துறைமுகமே இல்லாத கரையில் இறங்கலாம் என்று எந்தத் தளபதியும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டான். பயன்படாத காப்பீட்டுக்கும் பிரீமியம் கட்டித்தான் ஆக வேண்டும். ஷெர்பூர் ஜூன் இறுதியில் கைக்கு வந்தது, ஆனால் ஜெர்மானியர்கள் உடைத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். நவம்பர் இறுதியில் ஆன்ட்வெர்ப் துறைமுகம் திறந்தபோது அரோமான்ஷுக்கு வேலை முடிந்தது.

போர் முடிந்ததும் குளியல் ஊர் முன்புபோல் குளியல் ஊராகிவிட்டதா? இல்லை. கடற்கரைக்கு எதிரே கடலுக்குள் இவ்வளவு பெரிய ஒன்று நின்றுகொண்டிருக்கும்போது அதைக் காணாத மாதிரி நடிக்க முடியாது. பாயூவில் விடுதலைக்குப் பின் முதல் துணைநிலை ஆட்சியராக அமர்ந்த ரெமோன் ட்ரிபூலே, தரையிறங்கிய இடங்களைப் பாதுகாக்கக் குழு அமைத்தார். 1947இல் அதற்குச் சட்டமும் வந்தது. 1954 ஜூன் 5 அன்று கரையிலேயே தரையிறக்க அருங்காட்சியகத்தை ஜனாதிபதி ரெனே கோட்டி திறந்தார். தரையிறக்கத்தை நினைவுகூர எழுந்த அருங்காட்சியகங்களில் அதுதான் முதலாவது. பழையதற்குப் பதிலாக 2023இல் புதுக் கட்டடம் திறந்தார்கள். பெரிய கண்ணாடிச் சுவர். உள்ளே துறைமுகத்தின் மாதிரி, வெளியே துறைமுகத்தின் மிச்சம். இரண்டையும் ஒரே பார்வையில் ஒப்பிடலாம். அங்கே நான் அதிக நேரம் நின்றது, ஓதத்துக்கு ஏற்பப் பாலம் வளைவதைக் காட்டும் சிறு மாதிரியின் முன்னால். பக்கத்தில் நின்ற ஆங்கிலேயச் சிறுவன் விசையை அழுத்தி அழுத்தி அதை வளையவைத்துக்கொண்டே இருந்தான். அவன் அம்மா நகரவைக்கப் படாதபாடு பட்டாள்.

வெளியே வந்தால் ஊர் முழுக்க நேச நாட்டுக் கொடிகள். கடை வாசலில் அமெரிக்கச் சீருடை மாட்டிய பொம்மை, பழைய ஜீப் ஒன்று வாடகைக்கு, துப்பாக்கிக் குண்டு வடிவச் சாவிக்கொத்து. அதற்கு அடுத்த கடையில் க்ரேப்பும் ஆப்பிள் சைடரும். வெறும் உடம்போடு கடலில் இறங்கும் குடும்பங்களும், மார்பில் பதக்கம் குத்திய முதியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளி வரும் பேரனும் ஒரே நடைபாதையில் வருகிறார்கள். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு யோசித்தால், இந்த ஊர் முன்பும் விருந்தாளியை நம்பியே பிழைத்த ஊர். விருந்தாளி எதைப் பார்க்க வருகிறான் என்பது மட்டும் மாறிவிட்டது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஆனால் அந்தச் சாவிக்கொத்து எனக்குப் பிடிக்கவில்லை.

நண்பர் அருங்காட்சியகச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: “அண்ணை, இஞ்சை சண்டை நடந்த இடத்தைக் காசு குடுத்துப் போய்ப் பாக்கினம். எங்கட ஊரிலை சண்டை நடந்த இடத்துக்கு எங்களையே போகவிடேல்லை.” உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட தன் தாய்வழிப் பாட்டியின் வளவைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். மேற்கொண்டு அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. க்ரேப் நன்றாக இருந்தது.

திரும்பும் வழியில் பாயூவின் போர்க் கல்லறையில் நிறுத்தினோம். 4,648 கல்லறைகள். பிரான்சில் இரண்டாம் உலகப் போரின் மிகப் பெரிய காமன்வெல்த் கல்லறை. ஜெர்மானியர்களும் நானூற்றுச் சொச்சம் பேர் அங்கேயே, சற்று வேறு வடிவக் கற்களுக்குக் கீழே. எதிரே உடல் கிடைக்காதவர்களுக்கான நினைவுச்சின்னம். அதில் லத்தீனில் ஒரு வாசகம். 1066இல் நார்மண்டியிலிருந்து வந்து எங்களை வென்ற வில்லியமின் நாட்டை, நாங்கள் இப்போது வந்து விடுவித்தோம் என்கிறது அது. ஒன்பது நூற்றாண்டுக்கு முந்தைய பகையை ஞாபகம் வைத்துக் கல்லில் கிண்டல் செய்ய ஆங்கிலேயர்களால்தான் முடியும். வில்லியமின் படையெடுப்பை நூலில் சித்திரித்த துணியின் ஊரும் இதே பாயூதான். வேர்-சுர்-மேரில் 2021 ஜூன் 6 அன்று திறந்த பிரிட்டிஷ் நினைவகத்தின் வெள்ளைத் தூண்களில் 22,442 பெயர்கள். முதல் தூணைப் படித்து முடிக்கும் முன்பே கண் வலித்தது.

இனி அந்தக் கான்கிரீட் விஷயம். தற்காலிகமாக நிற்பதற்கென்று கட்டியவை அவை. எண்பது வருட அலைக்குப் பிறகு பல ஃபீனிக்ஸ்கள் நடுவில் உடைந்து, துருவேறிய கம்பிகள் வெளியே துருத்திக்கொண்டு, நீர்க்காகங்களின் இருப்பிடமாகிவிட்டன. ஏறத்தாழ இருபது இன்னும் வெளியே தெரிகின்றன. பழுதுபார்க்கலாம் என்றால் அது பிறகு பழையதாக இருக்காது. விட்டுவிட்டால் ஒரு நாள் எதுவும் இருக்காது.

பாலத்தின் துண்டுகளுக்கு நல்ல கதி கிடைத்தது. அவற்றில் சில, குண்டில் உடைந்த நார்மண்டிப் பாலங்களுக்குப் பதிலாக ஆறுகளின் மேல் போய் உட்கார்ந்தன. பெட்டிகளிலும் எல்லாமே இந்தக் கடலில் மூழ்கிவிடவில்லை. 1953 ஜனவரி 31க்கும் பிப்ரவரி 1க்கும் இடைப்பட்ட இரவில் வடகடல் பொங்கி நெதர்லாந்தின் அணைகளை உடைத்து 1,836 பேரைக் கொன்றது. அவுவெர்கெர்க் கிராமத்தருகே உடைப்பு மட்டும் மாதக்கணக்கில் மூட முடியாமல் இழுத்துக்கொண்டே போனது. ஒவ்வொரு ஓதத்திலும் கடல் உள்ளே வந்து போனது. கடைசியில் மீதமிருந்த நான்கு ஃபீனிக்ஸ் பெட்டிகளை இழுத்து வந்து, உடைப்பில் நிறுத்தி மூழ்கடித்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் உடைப்பு மூடியது. நான்கும் இன்னும் அங்கேயே இருக்கின்றன. சுற்றிலும் மண் நிரம்பிக் காய்ந்த நிலமாகிவிட்டது. வாசல் வெட்டி உள்ளே வெள்ளத்துக்கான அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அரோமான்ஷில் தூரத்திலிருந்து மட்டுமே பார்க்கக் கிடைக்கும் ஃபீனிக்ஸின் வயிற்றுக்குள் அங்கே காலணியோடு நடந்து போகலாம்.